என் பிரவுசரில் கொக்கு பறக்கல!

போன வாரம் இதே பக்கத்துல ஹாஸ்டல் உப்புமாவைப் பத்தி எழுதினதுக்கு, வார்டன் முறைச்ச முறைப்பு இன்னும் முதுகுல உறைக்குது. அதனால இந்த வாரம் யார் வயிற்றையும் கலக்காத சப்ஜெக்ட்... பிரவுசர்!

"அதுல எழுத என்னடா இருக்கு? நெட் பார்க்கிற ஜன்னல்தானே"ன்னு கேட்கிறீங்களா? நானும் அப்படித்தான் நினைச்சுட்டிருந்தேன் பாஸ். ஒரு ராத்திரி பெரியம்மா பொண்ணு போன் பண்ற வரைக்கும்.

அக்கா ஊர்ல ட்யூஷன் எடுக்கிறாங்க. பள்ளிக்கூடப் பசங்களுக்கு, பாதிப் பேருக்கு ஃபீஸ் வாங்காம. அதுல நாலு பேருக்கு ஒரு ஸ்காலர்ஷிப்புக்கு ஆன்லைன்ல அப்ளை பண்ணணும். அன்னைக்குத்தான் கடைசி நாள். அக்காகிட்ட இருக்கிறது பத்து வருஷத்துக்கு மேல உழைச்ச லேப்டாப். விசிறி சத்தம் மாவு மெஷின் மாதிரி கேட்கும். ஆனா நல்லா ஓடும். அதுல அந்த வெப்சைட்டைத் திறந்தா... வெள்ளை. எழுத்து இல்லை, எரர் இல்லை, ஒண்ணுமே இல்லை. சுண்ணாம்பு அடிச்ச சுவர் மாதிரி வெறும் வெள்ளை. நெட் ஸ்லோன்னு நினைச்சு சாயங்காலம் 6 மணியிலேர்ந்து ரீஃப்ரெஷ் அடிச்சுட்டே இருந்திருக்காங்க. எனக்கு போன் வந்தப்போ மணி பத்தரை!

அக்கா போன்ல ஒவ்வொண்ணா சொல்ல, நான் ரூம்மேட் லேப்டாப்புல டைப் அடிச்சேன். அப்பா பேரு, அக்கவுன்ட் நம்பர், மார்க்கு... சர்டிஃபிகேட்டை எல்லாம் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி அப்லோட் பண்ணினேன். மூணு பேருக்கு முடிஞ்சது. நாலாவது ஒரு பொண்ணு, ப்ளஸ் ஒன். அவளோட ஃபார்ம்ல சப்மிட் பட்டனைத் தட்டறதுக்குள்ள மணி 12-ஐத் தாண்டிடுச்சு. 'காலம் முடிந்தது'ன்னு சிவப்புல ஒரு வரி. அவ்வளவுதான்.

அடுத்த லீவுக்கு ஊருக்குப் போனப்ப முதல் வேலையா அந்த லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தேன். பிரவுசருக்குள்ளயே புரோகிராமருங்க பார்க்கிற ஒரு அறை இருக்கு, கன்சோல்னு பேரு. அதைத் திறந்து பார்த்தா ஒரே ஒரு எரர். ஜாவாஸ்கிரிப்ட்ல, கேள்விக்குறியும் புள்ளியும் பக்கத்துல பக்கத்துல வர்ற ஒரு எழுத்து முறை இருக்கு. 2020-ம் வருஷத் தரத்துல சேர்த்தது. புரோகிராமருக்கு அதனால கொஞ்சம் டைப்பிங் மிச்சம், அவ்வளவுதான். அக்காவோட பிரவுசருக்கு அது தெரியாது. ஜாவாஸ்கிரிப்ட் ஒரு கண்டிப்பான வாத்தியார் மாதிரி. ஒரு இடத்துல இலக்கணம் புரியலைன்னா, அந்த ஃபைல்ல ஒரு வரியைக் கூட ஓட்டாம மொத்தத்தையும் தூக்கிப் போட்டுடும். அந்த வெப்சைட்ல பக்கத்தை வரையறதே அந்த ஃபைல்தான். ஃபைல் போச்சு, பக்கமும் போச்சு!

இதுல வேடிக்கை என்னன்னா, வெப் பக்கம் எழுதற ஹெச்.டி.எம்.எல். இதுக்கு நேர் எதிர் குணம். தெரியாத டேக் வந்தா "சரி போ"ன்னு அதை மட்டும் தாண்டிப் போயிடும். உள்ள இருக்கிற எழுத்து எப்படியும் திரைக்கு வந்துடும். அந்த ஸ்காலர்ஷிப் ஃபார்ம்ல இருந்தது மொத்தமே பதினோரு கட்டம், ரெண்டு ஃபைல் அப்லோட். ஹெச்.டி.எம்.எல். இரண்டாம் பதிப்புல ஃபார்ம் வந்துடுச்சு, அது வெளியானது 1995 நவம்பர். ஃபார்ம் வழியா ஃபைல் அனுப்புற முறையை எழுதி வெளியிட்டதும் அதே 1995 நவம்பர். அதாவது நான் பிறக்கிறதுக்குப் பல வருஷம் முன்னாடியே கைவசம் இருந்த சரக்கை வெச்சே அந்த ஃபார்மை அழகா செஞ்சிருக்கலாம். அக்கா லேப்டாப்புலயும் திறந்திருக்கும்.

"பிரவுசரை அப்டேட் பண்ண வேண்டியதுதானே?" கரெக்ட். ஆனா புது பிரவுசர் பழைய ஓ.எஸ்.ல ஏறாதே! உதாரணத்துக்கு, 2023 பிப்ரவரியில வந்த 110-வது பதிப்போட குரோம், விண்டோஸ் 7-க்கு கும்பிடு போட்டுடுச்சு. அப்புறம் புது ஓ.எஸ். வேணும்னா புது மெஷின். புது மெஷின்னா முப்பதாயிரம். ஃபீஸ் வாங்காத ட்யூஷன் டீச்சர்கிட்ட போய் இதைச் சொல்லிப் பாருங்க.

எனக்கு வந்த கோபத்துல ரூம்ல வந்து சபதம் போட்டேன். "ஒரு ஃபார்மைக் காட்ட எதுக்குடா இவ்வளவு பெரிய மெஷின்? நானே சின்னதா ஒரு பிரவுசர் எழுதறேன் பார்." ரூம்மேட் திரும்பிக்கூடப் பார்க்கலை. "முதல்ல எம்-3 அரியரை எழுதுடா."

அவன் கிடக்கான். ஆனா யோசிச்சுப் பாருங்க மக்களே, ஆரம்ப கால பிரவுசர்களை எழுதினவங்கள்ல நிறைய பேர் நம்மளை மாதிரி ஸ்டூடன்ட்ஸ்தான்! டிம் பெர்னர்ஸ் லீ 1990-ல ஜெனீவா பக்கத்துல இருக்கிற செர்ன்ல முதல் பிரவுசரை எழுதினார். ஆனா அது நெக்ஸ்ட் கம்ப்யூட்டர்ல மட்டும்தான் ஓடும். அது செம காஸ்ட்லியான மெஷின், செர்ன்லயே எல்லார்கிட்டயும் கிடையாது. எல்லா கம்ப்யூட்டர்லயும் ஓடற மாதிரி, வெறும் எழுத்தை மட்டும் காட்டற பிரவுசரை எழுதினது நிக்கோலா பெல்லோ. இங்கிலாந்துல லெஸ்டர் பாலிடெக்னிக்ல கணக்குப் படிச்சுட்டிருந்த மாணவி. செர்னுக்கு வந்தது எதுக்குத் தெரியுமா? இன்டர்ன்! (காலரைத் தூக்கி விட்டுக்கறேன், கண்டுக்காதீங்க.) பழைய டெர்மினல் வெச்சிருக்கிறவனுக்கும் வெப் எட்டணும்கிறதுக்காக எழுதின பிரவுசர் அது. அக்கா லேப்டாப்பை நினைச்சுக்கிட்டு இதைப் படிச்சப்ப எனக்கு என்னவோ மாதிரி ஆயிடுச்சு.

1992-ல ஹெல்சிங்கி டெக்னாலஜி யுனிவர்சிட்டியில நாலு மாணவர்கள் சேர்ந்து 'எர்வைஸ்'னு ஒண்ணு செஞ்சாங்க. மவுஸ்ல கிளிக் பண்ணி ஜன்னல்ல பார்க்கிற டைப். டிம் பெர்னர்ஸ் லீ அதை எடுத்து வளர்க்கலாம்னு பார்த்தா, குறிப்பெல்லாம் ஃபின்னிஷ் மொழியில! நம்ம புராஜெக்ட் டாகுமென்டேஷனே தேவலை. 1993-ல இல்லினாய்ஸ் யுனிவர்சிட்டியில மார்க் ஆண்ட்ரீசன்ங்கிற மாணவரும் எரிக் பினாங்கிற புரோகிராமரும் எழுதின மொசைக்தான் வெப்பை வீட்டுக்கு வீடு கொண்டு போச்சு.

சரி, அவங்களால முடிஞ்சது நம்மால முடியாதா? பவெல் பன்செகா, கிறிஸ் ஹாரல்சன்னு ரெண்டு பேர் பிரவுசர் எழுதறது எப்படின்னு ஒரு புத்தகமே போட்டிருக்காங்க. ஒருத்தர் யூட்டா யுனிவர்சிட்டி புரொஃபசர், இன்னொருத்தர் குரோம்ல வேலை பார்த்தவர். நெட்ல இலவசமா படிக்கலாம். பைத்தான் தெரிஞ்சா போதும்.

முதல் ராத்திரியே கதை ஆரம்பிச்சுடுச்சு. பிரவுசர் வேலை கேட்க ரொம்ப சிம்பிள். சர்வருக்கு போன் போட்டு "இந்தப் பக்கத்தைக் கொடு"ன்னு கேட்கணும். அது அனுப்பற எழுத்துல டேக் எது, விஷயம் எதுன்னு பிரிக்கணும். எது எதுக்குள்ள இருக்குன்னு ஒரு குடும்ப மரம் போடணும். அப்புறம் ஒவ்வொரு வார்த்தையா அளந்து, வரி நிறைஞ்சா அடுத்த வரிக்குத் தள்ளி, திரையில எழுதணும். 160 வரியில செர்னோட முதல் வெப்சைட் என் ஜன்னல்ல வந்து நின்னுச்சு. அதை 2013-ல பழைய அட்ரஸ்லயே திரும்ப வெச்சிருக்காங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு நான் போட்ட ஆட்டத்துல பக்கத்து ரூம்காரன் சுவரைத் தட்டினான்.

அடுத்த நாள்தான் அடி விழ ஆரம்பிச்சது. இன்னைக்கு முக்கால்வாசி சைட் பூட்டுப் போட்ட இணைப்புலதான் பேசும். பைத்தான்ல அதுக்கு ரெண்டு வரி போதும். ஆனா அந்த ரெண்டு வரிக்குப் பின்னாடி ஓப்பன் எஸ்.எஸ்.எல்.னு லட்சக்கணக்கான வரிகள் உட்கார்ந்திருக்கு. நான் எழுதலை, அவ்வளவுதான். சிம்பிள்னு நான் பீத்திக்கிட்டது முதுகுக்குப் பின்னாடி யானையை மறைச்சு வெச்சுக்கிட்டு!

அப்புறம் டேக் மூடற விவகாரம். தடித்த எழுத்தைத் திறந்து, உள்ளே சாய்வு எழுத்தைத் திறந்து, சாய்வை மூடாமலே தடித்ததை முதல்ல மூடிட்டா என்ன பண்றது? தப்புதான். ஆனா உலகத்துல பாதிப் பேர் அப்படித்தான் எழுதி வெச்சிருக்காங்க. அந்தப் பக்கத்தையெல்லாம் எல்லா பிரவுசரும் ஒரே மாதிரி காட்டணுமே! அதுக்காக ஹெச்.டி.எம்.எல். விதிப் புத்தகத்துல ஒரு அல்காரிதம் இருக்கு. பேரு என்ன தெரியுமா? தத்தெடுப்பு ஏஜென்சி அல்காரிதம்! பெத்தவங்க இடையில போயிட்டா, நடுத்தெருவுல நிக்கிற பிள்ளையை யார்கிட்ட ஒப்படைக்கிறதுங்கிற பஞ்சாயத்து. மூணு தடவை படிச்சேன். புரியலை. அதை மட்டும் 'அப்புறம் பார்த்துக்கலாம்'னு கமென்ட் போட்டு விட்டுட்டேன்.

இதெல்லாம் பெரிசில்லை. என்னை உட்கார வெச்சது கொக்கு.

செர்ன் பக்கம் இங்கிலீஷ். அக்கா வீட்டுல காட்டணும்னா தமிழ்ல இருந்தாதானே மரியாதை? ரெண்டாங்கிளாஸ் பாடம் மாதிரி நாலு வரி டைப் அடிச்சு ஒரு பக்கம் செஞ்சேன். முதல் வார்த்தை கொக்கு. என் லினக்ஸ் மெஷின்ல, என் பிரவுசர்ல திறந்தா... 'க' தனியா நிக்குது. அதுக்கப்புறம் கொம்பும் காலும் சேர்ந்து அநாதையா நிக்குது. 'கு'வுக்கு 'க' ஒரு பக்கம், சுழி ஒரு பக்கம். கொக்கை உரிச்சு இறகைத் தனியா வெச்ச மாதிரி!

காரணம் இதுதான். நமக்குக் கொக்கு மூணு எழுத்து. யூனிகோட்ல அது ஆறு குறியீடு. 'கொ'வைச் சேமிக்கிறப்ப முதல்ல 'க', அப்புறம் ஒகரக் குறி. ஆனா திரையில கொம்பு 'க'வுக்கு முன்னாடி வரணும், கால் பின்னாடி வரணும். 'கு'ன்னா ரெண்டு குறியீட்டையும் உருக்கி ஒரே உருவமா வார்க்கணும். 'மு' வேற மாதிரி வளையும், 'து' வேற மாதிரி வளையும். இந்த வேலை இங்கிலீஷுக்குக் கிடையாது. வர்ற வரிசையில ஒவ்வொரு எழுத்தா அச்சடிச்சா போதும். நான் எழுதின எளிமையான பிரவுசர், இங்கிலீஷ்காரனுக்கு எளிமையான பிரவுசர்!

ரெண்டு நாள் முட்டினேன். கொம்பை முன்னாடி தள்ள ஆறு வரி எழுதினேன், கொ சரியாச்சு. கு சரியாகலை. அந்த உருவத்துக்கு யூனிகோட்ல தனி நம்பரே கிடையாது, ஃபான்ட்டுக்குள்ள ஒளிஞ்சிருக்கு. அதை எடுக்கணும்னா ஃபான்ட்டைத் திறந்து அதுக்குள்ள இருக்கிற விதிகளைப் படிக்கணும். அந்த வேலையைச் செய்ய ஹார்ஃப்பஸ்னு ஒரு லைப்ரரி இருக்கு. அதை இன்னைக்கு இருக்கிற ரூபத்துக்குக் கொண்டு வந்தவர் ஈரான்ல பிறந்த பெஹ்தாத் எஸ்ஃபஹ்போத். பேரே பாரசீகம்தான். குரோம், ஃபயர்பாக்ஸ், ஆண்ட்ராய்டு எல்லாத்துலயும் தமிழுக்குக் கொம்பு போடறது இதுதான். அக்கடான்னு அதை எடுத்துச் சேர்த்தேன். கொக்கு ஒழுங்கா வந்து உட்கார்ந்துச்சு. எனக்குத்தான் கொஞ்சம் சுருதி இறங்கிடுச்சு. 'தேவையில்லாத பாரம், தூக்கி எறி'ன்னு கிளம்பினவன் நான். அந்தப் பாரத்துல ஒரு பங்கு நம்ம தாய்மொழின்னு அப்பத்தான் தெரிஞ்சது.

இப்படியே பார்த்துக்கிட்டே போனா, பிரவுசர் பெருத்ததுல ஒவ்வொண்ணுக்கும் ஒரு நியாயம் இருக்கு. 2018-ல ஸ்பெக்டர்னு ஒரு ஓட்டை வெளியே வந்துச்சு. பிரவுசர்லயோ ஓ.எஸ்.லயோ இல்லை, பிராசஸர்லயே ஓட்டை. ஒரு சைட்டோட ஸ்கிரிப்ட், மெமரியில பக்கத்துல இருக்கிற இன்னொரு சைட்டோட ரகசியத்தை எட்டிப் பார்க்க முடியும். அதனால அந்த வருஷமே குரோம் ஒவ்வொரு சைட்டையும் தனித்தனி அறையில அடைச்சுது. மெமரி செலவு 10-லேர்ந்து 13 சதவீதம் கூடிச்சு. 'குரோம் ராம் தின்னுது'ன்னு நாம மீம் போடறோமே, அதுல கொஞ்சம் நம்ம பேங்க் பாஸ்வேர்டைக் காப்பாத்தத் தின்னது.

ஆனா எல்லாம் நியாயம்னு சொல்லிட்டு நகர முடியலை. பெருத்துப் பெருத்து, இப்ப முழுசா வெப்பைக் காட்டற பிரவுசர் எஞ்சினை வெச்சிருக்கிறது மூணே கூட்டம்தான். குரோமோட பிளிங்க், ஆப்பிளோட வெப்கிட், ஃபயர்பாக்ஸோட கெக்கோ. இதுல முதல் ரெண்டும் பங்காளிங்க. கே.டி.இ.ங்கிற லினக்ஸ் தன்னார்வலருங்க எழுதின கே.ஹெச்.டி.எம்.எல்.தான் ரெண்டுக்கும் பாட்டி. நார்வே கம்பெனி ஓபரா, சொந்தமா வெச்சிருந்த பிரெஸ்டோ எஞ்சினை 2013-ல கைவிட்டது. அதைக்கூட விடுங்க, மைக்ரோசாஃப்ட்! பணத்துக்குப் பஞ்சமில்லாத மைக்ரோசாஃப்டே 2018 டிசம்பர்ல "எங்க எஞ்சின் போதும், இனிமே குரோமோட எஞ்சின்தான்"னு அறிவிச்சு, 2020 ஜனவரியில புது எட்ஜை விட்டாங்க. மைக்ரோசாஃப்ட்டுக்கே மூச்சு முட்டினா, இல்லினாய்ஸ் ஸ்டூடன்ட்டுக்கும் ஹெல்சிங்கி ஸ்டூடன்ட்டுக்கும் இருந்த வாய்ப்பு இன்னைக்கு யாருக்கு இருக்கு? எனக்கு வருத்தம் இதுலதான்.

இதையும் மீறி கிளம்பின ஆளுங்க உண்டு. டில்லோன்னு ஒரு குட்டி பிரவுசர், 1999-ல ஆரம்பிச்சது. ஜாவாஸ்கிரிப்ட்டே கிடையாது. 2015-க்கு அப்புறம் தூங்கிப் போய், 2024-ல எழுந்து புதுப் பதிப்பு விட்டுச்சு! பழைய மெஷின்ல சும்மா பறக்கும். ஸ்வீடன்காரர் ஆண்ட்ரியாஸ் கிளிங், ஆப்பிள்ல வெப்கிட்ல வேலை பார்த்தவர். போதைப் பழக்கத்துலேர்ந்து மீண்டு வந்து, நாளை ஓட்டறதுக்காக 2018-ல சொந்தமா ஒரு ஓ.எஸ். எழுத ஆரம்பிச்சார். அதுக்குள்ள ஒரு பிரவுசர் முளைச்சுது. அதுதான் லேடிபேர்ட். 2024-ல அதுக்குன்னே லாப நோக்கமில்லாத ஒரு அமைப்பு ஆரம்பிச்சு, கிட்ஹப்பை உருவாக்கினவங்கள்ல ஒருத்தரான கிறிஸ் வான்ஸ்ட்ராத் 10 லட்சம் டாலர் தர்றதா சொன்னார். யாரோட எஞ்சினையும் கடன் வாங்காம முதல் வரியிலேர்ந்து எழுதறாங்க. முதல்ல ஃபான்ட் வரையறது வரைக்கும் எல்லாமே சொந்தமா எழுதினவங்க, தனி அமைப்பானதும் ஒரு லைப்ரரியை எடுத்துச் சேர்த்தாங்க. எது? ஹார்ஃப்பஸ்! படிச்சதும் ரூம்மேட்டை எழுப்பிச் சொன்னேன். அவன் போர்வையை இழுத்துப் போர்த்திக்கிட்டான்.

என் பிரவுசர் இப்ப 640 வரி. படம் காட்டாது. கலர் தெரியாது. ஜாவாஸ்கிரிப்ட் வாசனையே கிடையாது. ஃபார்ம் மட்டும் காட்டும், சப்மிட் பண்ணும். தமிழ் ஒழுங்கா வரும்.

போன மாசம் அக்கா வீட்டுக்குப் போனேன். அந்த லேப்டாப்புக்கு லினக்ஸ் போட்டுக் கொடுத்தேன். புது ஃபயர்பாக்ஸ் ஏறிடுச்சு. நாலு டேப் திறந்தா இளைக்குது, ஆனா இனிமே ஃபார்ம் போடலாம். பக்கத்துலயே என்னோடதையும் போட்டு, ட்யூஷன் பசங்க முன்னாடி பந்தாவா திறந்தேன். கொக்குப் பக்கம் வந்துச்சு, கை தட்டினாங்க.

"இதுல பேங்க் வேலை பார்க்கலாமாடா?"ன்னு அக்கா கேட்டாங்க.

"முடியாதுக்கா."

"அப்ப பஸ் டிக்கெட்?"

"அதுவும்... முடியாதுக்கா."

"அன்னைக்கு அந்த ஸ்காலர்ஷிப் வெப்சைட்டு?"

அதைத் தட்டிப் பார்க்கிற தைரியமே எனக்கு வரலை. அந்த ப்ளஸ் ஒன் பொண்ணு, நாலாவது ஃபார்ம்காரி, அவளே கீபோர்டை இழுத்து அட்ரஸை அடிச்சா. வெள்ளைப் பக்கம் வரப்போகுதுன்னு கண்ணை மூடிக்கிட்டேன். வெள்ளைதான் வந்துச்சு. ஆனா மேல இங்கிலீஷ்ல ஒரே ஒரு வரி. ஜாவாஸ்கிரிப்ட் இல்லாத பிரவுசர் வந்தா மட்டும் காட்டச் சொல்லி, அந்த சைட்டை எழுதினவங்க விட்டு வெச்ச வரி. அக்காவோட பழைய பிரவுசர்ல ஜாவாஸ்கிரிப்ட் இருந்ததே, அதனால அங்கே அது தலைகாட்டவே இல்லை. என்னோடதுல சுத்தமா இல்லைங்கிறதால வந்துடுச்சு.

அவ எழுத்துக் கூட்டிப் படிச்சா. "இந்தப் பக்கம் வேலை செய்யணும்னா ஜாவாஸ்கிரிப்ட் வேணுமாம்." அப்புறம் என் பக்கம் திரும்பினா.

"அன்னைக்கு சாயங்காலமே அது இப்படிச் சொல்லியிருந்தா, நாங்க பஸ் ஏறி பிரவுசிங் சென்டருக்குப் போயிருப்போம்ல அண்ணா?"